ஏகதந்தனின் உறவினர்கள்

சொல் கடந்த கடல்கள் – 9

சென்ற வாரம்: ஆங்கிலேயர் இடித்துத் தரைமட்டமாக்கிய புதுச்சேரி மெல்ல மெல்ல எழுந்துகொண்டிருந்த 1767ஆம் ஆண்டு. 75 வயதான இயேசு சபைத் துறவி ஒருவர் பாரிஸ் அறிஞர் சபைக்கு ஒரு கேள்வி எழுதினார். சம்ஸ்கிருதத்தில் இத்தனை லத்தீன் சொற்களும் கிரேக்கச் சொற்களும் இருப்பது எப்படி? கடிதத்தைச் சுமந்த கப்பல் பாய் விரித்தது. அது போய்ச் சேர்ந்ததா?

கடிதம் உறங்கிய காலம்

போய்ச் சேர்ந்தது. கடலில் தப்பிய கடிதத்துக்குக் காத்திருந்த ஆபத்து கரையில்தான்.

காஸ்தோன் லோரான் கேர்து பாதிரியார் எழுதிய அந்தக் கடிதம் பாரிஸ் அறிஞர் சபையைச் சேர்ந்த பார்த்தெலெமியின் கைக்கு வந்தது. அவர் அதை இந்திய விஷயங்களில் வல்லவரான ஆங்கெத்தில் துப்பெரோனிடம் ஒப்படைத்தார். ஆங்கெத்தில் பாரசீக வேதநூலான அவெஸ்தாவில் மூழ்கிக் கிடந்தவர். ஆண்டுகள் ஓடின. பிரெஞ்சுப் புரட்சி வந்தது, மன்னர் தலை உருண்டது, நெப்போலியன் முடிசூடினார். கேர்து 1779இல் புதுச்சேரியிலேயே காலமானார். ஆங்கெத்தில் 1805இல் மறைந்தார். கடிதம் அச்சேறியபோது ஆண்டு 1808.

இதற்கிடையே 1786 பிப்ரவரி 2ஆம் நாள் கல்கத்தாவில் வில்லியம் ஜோன்ஸ் ஓர் உரை ஆற்றியிருந்தார். சம்ஸ்கிருதம், கிரேக்கம், லத்தீன் மூன்றும் இன்று அழிந்துபோயிருக்கக்கூடிய ஒரே மூலத்திலிருந்து பிறந்தவை என்று அவர் சொன்னதை ஐரோப்பா முழுவதும் கேட்டது. பெருமை ஜோன்ஸுக்குப் போனது. 19 ஆண்டுகளுக்கு முன்பே தமிழ்க் கடற்கரையிலிருந்து அதே கருத்தை எழுதி அனுப்பியவர் பெயர் தூசியில் மங்கியது. புதுச்சேரியில் கேர்துவுக்குத் துணை நின்ற மரிதாஸ் பிள்ளை போன்ற தமிழறிஞர்களின் பெயர்கள் அதைவிட ஆழமாகப் புதைந்தன.

கேர்து தம் கடிதத்தோடு சொற்பட்டியல்களையும் இணைத்திருந்தார். தானம் என்பதற்கு லத்தீனில் தோனும். விதவை என்பதற்கு விதுவா. இப்படி வரிசை வரிசையாக. வணிகத்தால் வந்தனவா, படையெடுப்பால் வந்தனவா என்று ஒவ்வொரு காரணத்தையும் எடுத்து நிறுத்தி ஆராய்ந்துவிட்டு, பொதுப் பிறப்பு ஒன்றே இதற்கு விடை என்றார்.

ஆனால் அவர் வாதத்தில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. ஜோன்ஸின் வாதத்திலும் அதே ஓட்டை. ஒரு சொல் இன்னொரு சொல்லைப் போல ஒலிப்பது உறவுக்குச் சாட்சியாகுமா? பக்கத்து வீட்டாரிடம் கடன் வாங்கியதாகவும் இருக்கலாம் அல்லவா? உடன்பிறந்த சொல்லையும் கடன் வாங்கிய சொல்லையும் பிரித்துக்காட்டும் உரைகல் எது?

அதைக் கண்டெடுத்தவர் டென்மார்க்கில் பிறந்த ஓர் ஏழை வீட்டுப் பிள்ளை. அவரைச் சந்திக்கும் முன், இன்றைய பாரிஸின் ஒரு தெருவுக்குப் போய் வருவோம். உரைகல்லில் உரைக்க வேண்டிய பொன் அங்கேதான் இருக்கிறது.

ரூ பஜோல், 17ஆம் இலக்கம்

பாரிஸின் வடக்கு ரயில் நிலையமான கார் து நோர். அதன் பின்புறம் வெளியேறி, ஃபோபூர் சான் தெனி வீதியில் வடக்கே நடந்தால் லா சப்பல். மேலே பாலத்தில் இரண்டாம் இலக்க மெத்ரோ தடதடக்கிறது. கீழே ரூ காய், ரூ பெர்தொன்னே, ரூ பிலிப் த ஜிரார். புடவைக் கடை, நகைக் கடை, மரக்கறிக் கடை, கொத்துரொட்டிக் கடை. 1980களில் ஈழத்தின் போரிலிருந்து உயிர் பிழைத்து வந்தவர்கள் ஒவ்வொரு பலகையாகத் தமிழில் எழுதி மாட்டிய தெருக்கள் இவை.

இன்னும் சற்று நடந்தால் ரூ பஜோல். அங்கே 17ஆம் இலக்கத்தில் ஸ்ரீ மாணிக்க விநாயகர் ஆலயம். 1985இல் தொடங்கிய கோயில் இது. ஆவணி வாக்கில் தேர் இந்தத் தெருக்களில் உலா வரும்போது, வீதியெங்கும் சிதறு தேங்காய் உடையும். மஞ்சள் நீர் தெளித்த பாரிஸ் வீதியில் ஆயிரக்கணக்கானோர் வடம் பிடித்து நிற்பார்கள்.

அந்தத் தேரில் வீற்றிருப்பவருக்கு ஒரு திருப்பெயர் ஏகதந்தன், ஒற்றைத் தந்தம் உடையவன். மகாபாரதம் எழுதத் தன் கொம்பையே ஒடித்து எழுத்தாணியாக்கியவன் என்பது மரபு.

அதே வட்டாரத்தில் பிள்ளைக்குப் பல்லுக்கொதி என்று வைத்துக்கொள்ளுங்கள். யாழ்ப்பாணத்துத் தாய் 'பல்லு டொக்டரிட்ட' கூட்டிப்போவார். டொக்டரின் வாசல் பலகையில் தாந்திஸ்த் என்று பிரெஞ்சில் எழுதியிருக்கும். பிரெஞ்சில் பல் என்பது தாங், மூக்கால் ஒலிக்க வேண்டும். எழுத்தில் மட்டும் இன்னும் த, எ, ந், த் என்ற நான்கும் நிற்கின்றன. கடைசி மெய்யை வாய் எப்போதோ விட்டுவிட்டது.

கார் து நோரிலிருந்து வடகிழக்கே போகலாம். இரண்டாம் உலகப் போருக்குப் பின் இந்த நிலையத்திலிருந்து நோர் எக்ஸ்பிரஸ் என்ற ரயில் கோபன்ஹேகன் வரை ஓடியது. அந்த நகரத்தில் பல்லின் பெயர் டண்ட். டேனிஷ்காரர் வாயில் அதுவும் கடைசி மெய்யை இழந்து, தொண்டையில் ஒரு சிறு தடையோடு 'டன்' என்றே முடியும். பல் மருத்துவர் அங்கே 'டண்ட்லேய', அதாவது பல் வைத்தியர்.

ஆக நம் கையில் மூன்று சொற்கள்: தந்தம், தாங், டண்ட். மூன்றும் ஒன்றுபோலவே ஒலிக்கின்றன. பொருளும் ஒன்று. மூன்றும் உடன்பிறப்புகள் என்று ஒரே மூச்சில் சொல்லிவிடத் தோன்றும்.

சொல்லக் கூடாது. அவற்றில் ஒன்று உடன்பிறப்பே இல்லை.

எது என்று கண்டுபிடிக்க லா சப்பல் என்ற பெயரே உதவும். சப்பல் என்றால் சிற்றாலயம். நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த புனித மார்ட்டின், குளிரில் நடுங்கிய பிச்சைக்காரர் ஒருவருக்குத் தம் மேலங்கியைப் பாதி வெட்டிக் கொடுத்தார் என்பது ஐதிகம். அந்தச் சிறு அங்கிக்கு லத்தீனில் கப்பெல்லா. பிராங்கிய மன்னர்கள் அதைப் புனிதப் பொருளாகப் பேணினார்கள். அங்கி இருந்த இடத்துக்கும் அதே பெயர் ஒட்டி, பின்னர் எல்லாச் சிற்றாலயங்களுக்கும் பரவியது. 1860இல் பாரிஸோடு இணைக்கப்படும்வரை தனிக் கிராமமாக இருந்த இவ்வூருக்கும் அதுவே பெயர்.

டேனிஷிலும் இந்தச் சொல் உண்டு: கபேல். சிற்றாலயம் என்ற அதே பொருள். டண்ட், கபேல் இரண்டுமே பிரெஞ்சுச் சொற்களை ஒத்தவை. ஒன்று பிறப்பால் வந்தது, மற்றொன்று கிறிஸ்தவத்தோடு வடக்கே போன கடன். வேறுபாட்டை எப்படி அறிவது? சொல்லின் முதலெழுத்தைப் பார்த்தாலே போதும். ஆனால் அப்படிப் பார்க்க யாராவது சொல்லிக் கொடுத்திருக்க வேண்டுமே!

பிரண்டேகில்டே கிராமத்துப் பிள்ளை

ராஸ்முஸ் ராஸ்க் 1787 நவம்பர் 22இல் டென்மார்க்கின் ஃபூன் தீவில், பிரண்டேகில்டே என்ற சிற்றூரில் பிறந்தார். தகப்பனாருக்குச் சிறிது நிலம், அதோடு தையல் வேலை. பள்ளிப் பருவத்தில் ஐஸ்லாந்து மொழியின் பழங்கதைகள் ராஸ்க்கின் கைக்கு வந்தன. இலக்கண நூல் கிடைக்காததால் மூலத்தையும் மொழிபெயர்ப்பையும் அருகருகே வைத்து, வரி வரியாக ஒப்பிட்டு, இலக்கணத்தைத் தாமே கண்டெடுத்தார். 1811இல் அதை நூலாகவும் வெளியிட்டார்.

அதே ஆண்டில் டென்மார்க்கின் அறிவியல் கழகம் ஒரு பரிசுக் கேள்வி அறிவித்தது. பழைய நோர்டிக் மொழி எங்கிருந்து வந்தது? ராஸ்க் ஐஸ்லாந்தில் தங்கியிருந்தபடியே விடை எழுதி 1814இல் அனுப்பினார். 1818இல் அது நூலாயிற்று.

அதில் அவர் சொன்னது இது. சொற்கள் ஒன்றுபோல ஒலிப்பதை நம்பாதே. வணிகமும் நட்பும் சொற்களை எங்கும் கொண்டு சேர்க்கும். ஆனால் ஒரு மொழியின் அடிப்படைச் சொற்களை, அவை இல்லாமல் யாரும் வாழ முடியாத சொற்களை எடு. இரு மொழிகளிலும் அவற்றை ஒப்பிடு. எழுத்துகள் மாறும் விதத்துக்கு விதி வகுக்க முடிகிறதா என்று பார். முடிந்தால் அதுதான் உறவு.

சொல் ஒத்திருப்பதைவிட, ஒழுங்காக வேறுபடுவதே உறவுக்குச் சாட்சி! அதுவரை வந்த ஆய்வாளர்கள் தலைகீழாகத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

தமிழருக்கு இந்த விதியை விளக்க ஐஸ்லாந்து வரை போக வேண்டாம். ஓசூரைத் தாண்டினால் போதும். நம் பால் கன்னடத்தில் ஹாலு. புலி ஹுலி. பத்து ஹத்து. பாம்பு ஹாவு. பொன் ஹொன்னு. நம் பல் அவர்களுக்கு ஹல்லு. தமிழில் சொல்லின் முதலில் 'ப' நின்றால், கன்னடத்தில் அந்த இடத்தில் 'ஹ' வந்து நிற்கிறது. பழங்கன்னடத்தில் 'ப'வாகவே இருந்து, பிற்காலத்தில் சொல் சொல்லாக மாறிய ஒலி இது. இத்தனை சொற்களில் ஒரே இடத்தில் ஒரே மாற்றம் தற்செயலாக நேராது.

வடக்கு ஐரோப்பிய மொழிகளிலும் இதே போன்ற பெயர்ச்சி நடந்தது. லத்தீனின் 'ப' அங்கே 'ஃப' ஆயிற்று: பாதெர் என்ற தகப்பன் டேனிஷில் ஃபாதெர். லத்தீனின் 'க' அங்கே 'ஹ' ஆயிற்று: கொர்னு என்ற கொம்பு டேனிஷில் ஹோர்ன். லத்தீனின் 'த' அங்கே 'ட' ஆயிற்று: துவோ என்ற இரண்டு டேனிஷில் டோ, தெகெம் என்ற பத்து டேனிஷில் டி.

இப்போது பல்லைப் பாருங்கள். லத்தீனில் தென்ஸ், பிரெஞ்சில் தாங், சம்ஸ்கிருதத்தில் தந்த. டேனிஷில் விதிப்படி முதலெழுத்து மாறி டண்ட். அந்த 'ட'தான் அதன் பிறப்புச் சான்றிதழ். பிரெஞ்சிலிருந்தோ லத்தீனிலிருந்தோ கடன் வாங்கியிருந்தால் 'த' அப்படியே இருந்திருக்கும். கபேல் என்ற சொல்லில் 'க' மாறாமல் நிற்பது அதனால்தான். ஒலிப்பெயர்ச்சி நடந்து முடிந்தபின் வந்த கடன் அது. தொன்றுதொட்ட சொல்லாக இருந்தால் 'ஹ'வில் தொடங்கியிருக்கும்.

ஒரே மொழிக்குள் இரண்டும் சேர்ந்தே இருப்பதும் உண்டு. ஆங்கிலத்தின் டூத் பிறப்பால் வந்தது. வழியில் 'ந்' கரைந்துவிட்டது, முதலெழுத்து 'ட' மட்டும் அடையாளம் காட்டுகிறது. அதே ஆங்கிலத்தில் டென்டிஸ்ட் பிரெஞ்சுக் கடன்; தமிழெழுத்தில் ஒன்றுபோலத் தெரிந்தாலும் அதன் முதல் ஒலி d, டூத்தின் t அல்ல. சாலையோரம் மஞ்சளாகப் பூக்கும் டான்டிலயன் செடியும் பிரெஞ்சுக் கடன்தான். சிங்கப்பல் என்று பொருள்படும் தாங் த லியோங் என்பது ஆங்கில வாயில் அப்படித் தேய்ந்தது. டேனிஷில் அதே பூவுக்குத் தம் சொந்தப் பல்லை வைத்தே லோவெடண்ட் என்ற பெயரும் உண்டு. அதுவும் சிங்கப்பல்லே.

ராஸ்க்கின் நூலை ஜெர்மனியில் ஒருவர் கூர்ந்து படித்தார். தேவதைக் கதைகளைத் தொகுத்த சகோதரர்களில் மூத்தவரான யாகோப் கிரிம். 1822இல் தம் இலக்கண நூலின் புதிய பதிப்பில் அந்த ஒலிப்பெயர்ச்சியை முழு ஒழுங்கோடு எழுதினார். உலகம் இன்றும் அதைக் கிரிம் விதி என்றே அழைக்கிறது. கேர்துவுக்கு நேர்ந்தது ராஸ்க்குக்கும் நேர்ந்தது.

ஆனால் கிரிம்மின் அந்தப் பதிப்பு வெளிவந்த ஆண்டில் ராஸ்க் ஐரோப்பாவிலேயே இல்லை. எங்கே போனார்?

1816: மூன்று நகரங்கள்

1816ஆம் ஆண்டை மனதில் குறித்துக்கொள்ளுங்கள். மொழிகளின் வரலாற்றில் அது போல இன்னொரு ஆண்டு வாய்ப்பது கடினம்.

பாரிஸில் சம்ஸ்கிருதச் சுவடிகளோடு நான்கு ஆண்டுகள் மல்லாடிய ஃபிரான்ஸ் பாப் என்ற ஜெர்மானிய இளைஞர், சம்ஸ்கிருத வினைச்சொற்களைக் கிரேக்க, லத்தீன், பாரசீக, ஜெர்மானிய வினைகளோடு ஒப்பிட்டு அந்த ஆண்டுதான் நூல் வெளியிட்டார். இரண்டு ஆண்டுகளுக்கு முன்புதான் பாரிஸில், கொலேஜ் த ஃபிரான்ஸில், சம்ஸ்கிருதத்துக்கு ஒரு பேராசிரியர் இருக்கை ஏற்படுத்தி ஷெஸி என்பவரை அமர்த்தியிருந்தார்கள்.

சென்னையில் ஆட்சியராக இருந்த எல்லிஸ், தமிழும் தெலுங்கும் கன்னடமும் சம்ஸ்கிருதத்திலிருந்து பிறக்காத தனிக் குடும்பம் என்று சான்றுகளோடு எழுதினார். கேம்பல் எழுதிய தெலுங்கு இலக்கணத்தின் முன்னுரையில் அது அச்சானது. அதுவும் 1816.

கோபன்ஹேகனிலிருந்து ராஸ்க் அரசர் செலவில் கிழக்கே புறப்பட்டார். அது 1816 அக்டோபர்.

1818 நூலில் அவர் சம்ஸ்கிருதத்தைச் சேர்க்கவில்லை. தாம் கற்காத மொழியைப் பற்றி எழுத அவர் மனம் ஒப்பவில்லை. கற்பதற்காகவே கிளம்பினார். ஸ்வீடனில் தங்கினார். 1819இல் பீட்டர்ஸ்பர்க் போனார். ரஷ்யாவைக் கடந்து பாரசீகம் சேர்ந்தார். தப்ரீஸ், தெஹ்ரான், ஷிராஸ் எங்கும் பாரசீகம் பேசிப் பழகினார். அங்கே பல்லுக்குப் பெயர் தந்தான். 1820இல் பூஷயர் துறைமுகத்தில் கப்பலேறிப் பம்பாய் வந்தார். பார்சிகளிடம் அவெஸ்தா சுவடிகள் சேகரித்தார். இந்தி பேசுவோர் அதே பல்லைத் தாந்த் என்பார்கள். பின்னர் இந்தியாவின் ஊடாகப் பயணம் செய்து கொழும்பை அடைந்தார்.

கொழும்பில் ராஸ்க் பாலியும் சிங்களமும் படித்தார். 1821இல் சிங்கள எழுத்தைப் பற்றி டேனிஷ் மொழியில் ஒரு நூலை அங்கேயே அச்சிட்டார். சிங்களத்தில் பல்லுக்குப் பெயர் தத. தந்த என்பதில் 'ந்' தேய்ந்து எஞ்சிய சொல். ஃபூன் தீவின் டண்ட், இலங்கைத் தீவின் தத இரண்டும் ஒரே பழஞ்சொல்லின் இரு கிளைகள்.

1823 மே மாதம் ராஸ்க் ஊர் திரும்பியபோது அவரோடு பாரசீக, அவெஸ்தா, பாலி, சிங்களச் சுவடிகள் வந்தன. கீழை மொழிகளின் பேராசிரியர் பதவி 1831இல்தான் கிடைத்தது. மறுஆண்டு நவம்பர் 14இல், 44 வயதில், அவர் காலமானார். அதற்குள் பாரிஸில் யூஜேன் பூர்னூஃப், லாசன் என்ற இருவர் 1826இல் பாலி மொழி பற்றிய ஆய்வு நூலை வெளியிட்டிருந்தார்கள். சொற்களின் வரலாறு இனி இந்த நகரங்களுக்கிடையே ஓடும் ஆறாயிற்று.

பல் யாருடையது?

இப்போது நாம் பாதியில் நிறுத்திய கேள்வி. தந்தம், தாங், டண்ட் மூன்றில் உடன்பிறப்பு அல்லாதது எது?

தமிழின் தந்தம்தான்.

சம்ஸ்கிருதத்தின் தந்த என்பது டண்ட்டின் உடன்பிறப்பு. ஆனால் தமிழுக்கு அது விருந்தாளி. ராஸ்க் சொன்ன முறையிலேயே சோதித்துப் பார்க்கலாம். அன்றாடம் இல்லாமல் முடியாத சொல் எது? பல் வலிக்கிறது, பல் முளைக்கிறது, பல் விழுகிறது. எந்தத் தமிழ்த் தாயும் குழந்தைக்குத் தந்தம் முளைத்தது என்று சொன்னதில்லை. கூப்பிட்டால் பல்லுக்குத்தான் உறவுகள் ஓடி வருகின்றன: மலையாளத்தில் பல்லு, கன்னடத்தில் ஹல்லு. அங்கே விதிப்படி மாறிய 'ஹ' நிற்கிறது பாருங்கள். அதுதான் நம் குடும்பத்தின் பிறப்புச் சான்றிதழ்.

வந்த விருந்தாளிக்குத் தமிழ் தனி இடம் கொடுத்தது. யானையின் கொம்பைச் சங்கப் புலவர்கள் கோடு என்றும் மருப்பு என்றும் பாடினார்கள். பிற்காலத்தில் தந்தம் வந்து அந்த இடத்தில் அமர்ந்தது. தந்தி என்றால் யானை, ஏகதந்தன் என்றால் விநாயகன். பல் மட்டும் தன் இடத்தை விட்டுக் கொடுக்கவில்லை.

இந்தத் தனிக் குடும்பத்தை எல்லிஸ் சுட்டினார். 1856இல் கால்டுவெல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணமாக விரித்தெழுதினார். அந்த நூலில் ராஸ்க்கின் பெயரும் வருகிறது. தென்னிந்திய மொழிகள் சம்ஸ்கிருதக் கூட்டத்தைச் சேராதவை, வடக்கு ஆசியாவின் மொழிகளோடு தொடர்புடையவை என்று ராஸ்க் முன்பே கருதியதைக் கால்டுவெல் குறிப்பிடுகிறார். வடக்கு ஆசியத் தொடர்பு நிலைக்கவில்லை. தனிக் குடும்பம் என்பது நிலைத்தது. 1946இல் அதே பாரிஸில் ஜூல் பிளாக் என்ற பேராசிரியர் திராவிட மொழிகளின் இலக்கண அமைப்பைப் பற்றி ஒரு நூலே எழுதினார். டேனிஷ் பல்லைச் சோதித்த உரைகல்தான் தமிழ்ப் பல்லின் தன்மையையும் உலகுக்குக் காட்டியது.

சொல்லின் உறவும் இரத்தமும்

இங்கே நின்று ஒன்றை உரக்கச் சொல்ல வேண்டும்.

தத என்ற சிங்களச் சொல் டண்ட்டுக்கு உறவு, பல் என்ற தமிழ்ச் சொல் உறவில்லை. இது ஒலிகளைப் பற்றிய உண்மை. பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிவதற்குள் இந்த உண்மையை எடுத்து மனித இரத்தத்தின் மேல் ஒட்டிவிட்டார்கள். ஆரிய மொழி பேசுவோர் ஆரிய இனமாம், மற்றவர்கள் வேறாம். மேக்ஸ் முல்லர் 1888இல் எழுதிய நூலில், மொழியைக் குறிக்கும் ஆரியம் என்ற சொல்லை இனத்துக்கும் இரத்தத்துக்கும் சூட்டுவது பெரும் பிழை என்று கண்டித்தார். கேட்டவர்கள் குறைவு. ஐரோப்பாவில் அந்தப் பிழை கொலைக்களங்கள்வரை போனது. இலங்கையில் ஒரே சந்தையில் காய் வாங்கிய மக்களை இரு இனங்களாகப் பிரித்து நிறுத்த அது உதவியது. ரூ பஜோல் வரை தேர் வடத்தைக் கொண்டுவந்த அகதிப் பயணத்துக்குப் பின்னால் இருந்த வெறுப்பில் அந்தப் பிழைக்கும் பங்கு உண்டு.

சொற்களே அந்தப் பிழையை மறுக்கின்றன. சிங்களவர் கடைக்குப் போவதை 'கடே' போவது என்கிறார்கள். காசைச் சல்லி என்கிறார்கள். மூத்தவளை அக்கா என்றே கூப்பிடுகிறார்கள். பல்லின் பெயரில் பிரிந்து, வீட்டிலும் சந்தையிலும் கலந்துவிட்ட மொழிகள் இவை. மொழிக் குடும்பம் என்பது ஒலிகள் நடந்த பாதை. அந்தப் பாதையில் நடந்த வாய்கள் எந்த இரத்தத்துக்கும் சொந்தமாக இருக்கலாம். லா சப்பலில் பிறந்து பள்ளி போகும் தமிழ்ப் பிள்ளைகளின் வாயில் இன்று தாங் எவ்வளவு இயல்பாக உட்கார்ந்திருக்கிறது! பிரெஞ்சு அவர்களுக்கும் சொந்தம். பல்லும் சொந்தம். ஒன்றுக்காக மற்றொன்றை விடச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

முன்னால் நிற்கும் அந்த உயிரெழுத்து

பல்லின் கதை இத்தோடு முடிந்தது என்று ராஸ்க் காலத்தார் நினைத்திருக்கலாம். முடியவில்லை. உறவினர் பட்டியலை முழுதாக எழுதிப் பார்த்தவர்களுக்கு ஓரிடத்தில் பேனா நின்றது.

லத்தீனில் தென்ஸ், சம்ஸ்கிருதத்தில் தந்த, லிதுவேனிய மொழியில் தந்திஸ், வேல்ஸ் மொழியில் தாந்த். எல்லாம் 'த'வில் தொடங்குகின்றன. டேனிஷ் விதிப்படி 'ட'வில் தொடங்குகிறது. ஆனால் கிரேக்கத்தில் ஒதூஸ். ஆர்மீனிய மொழியில் அதாம். இரண்டிலும் சொல்லுக்கு முன்னால் ஓர் உயிரெழுத்து வாசல் காத்து நிற்கிறது. எங்கிருந்து வந்தது அது?

பல்லின் பொருளில் ஒரு தடயம் கிடைத்தது. சம்ஸ்கிருதத்தில் உண்பதைக் குறிக்கும் வேர் அத். லத்தீனிலும் அதே வேர். டேனிஷில் விலங்குகள் தின்பதை ஏதே என்பார்கள். தந்த என்றால் 'தின்பது' என்று மொழியியலாளர் பலர் விளக்குகிறார்கள். அப்படியானால் அத் என்பதன் தொடக்க 'அ' தந்தவில் எங்கே போயிற்று?

உதிர்ந்தது. சம்ஸ்கிருதத்தில் அஸ்தி என்றால் இருக்கிறது, ஸந்தி என்றால் இருக்கிறார்கள். ஒருமையில் இருந்த 'அ' பன்மையில் இல்லை. லா சப்பலில் எந்தக் கடையில் நின்றாலும் இதே விளையாட்டு காதில் விழும்: பிரெஞ்சில் ஒருமைக்கு எ, பன்மைக்கு சோங். லத்தீனின் எஸ்த், சுன்த் என்பவற்றின் பிள்ளைகள் அவை. பன்மையில் உயிர் உதிர்கிறது. அத் வேரிலும் அப்படியே உதிர்ந்து தந்த ஆயிற்று.

சரி. உதிர்ந்துபோனது கிரேக்கத்தில் மட்டும் எப்படி மீண்டும் முளைத்தது? உயிர் உதிர்ந்த இடத்தில், வேறு ஏதோ ஒன்று மறைந்து நின்றிருக்க வேண்டும். எந்த மொழியும் எழுத்தில் பதிக்காத, எந்தக் காதும் கேட்டிராத ஏதோ ஒன்று.

1878 டிசம்பர். ஜெர்மனியின் லைப்சிக் நகரில் 21 வயது மாணவர் ஒருவர் நூல் வெளியிட்டார். பெயர் ஃபெர்தினான் த சொசூர். மூல மொழியில் இருந்து, பின்னர் எல்லாக் கிளைகளிலும் அழிந்துபோன ஒலிகள் இருந்தே தீர வேண்டும் என்று, ஒரு சுவடியின் சான்றும் இல்லாமல், கணக்குப் போட்டு நிறுவினார். 1881இல் அவர் பாரிஸில் ஆசிரியரானார். சொசூர் சொன்ன ஒலிகள் இரண்டு. மூன்றாவதாக ஒன்றைச் சேர்க்க வேண்டும் என்றார் ஹெர்மன் மொல்லர். பல்லின் வாசலில் மறைந்து நின்றது அந்த மூன்றாவது ஒலி. மொல்லர் பேராசிரியராக அமர்ந்த ஊர் எது தெரியுமா? ராஸ்க்கின் கோபன்ஹேகன்!

பெரியவர்கள் நம்பவில்லை. கண்ணால் காணாத ஒலிக்கு என்ன சாட்சி என்று கேட்டார்கள். சாட்சி எந்த நூலகத்திலும் இல்லை. அது மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக அனத்தோலியாவின் மண்ணுக்கடியில் கிடந்தது. 1906இல், துருக்கியின் பொகாஸ்கோய் கிராமத்தில் அகழ்வாளர்களின் மண்வெட்டிகள் களிமண் பலகைகளைத் தட்டின. ஆயிரக்கணக்கான பலகைகள். பலவற்றில் இருந்தது, ஆப்பெழுத்தில் எழுதிய, யாருக்கும் புரியாத ஒரு மொழி.

சொசூர் கணக்கில் கண்ட ஒலிகளை அந்தப் பலகைகள் எழுதி வைத்திருந்தனவா? அவர் உயிரோடு இருக்கும்போதே அதை யாராவது படித்துச் சொன்னார்களா?

(அடுத்த வாரம்: மண்ணுக்குள் ஒலித்த எழுத்து)